வாகு யாருடையது? மண்வெட்டிக் காம்பு முதல் விளையாட்டு மவுஸ் வரை

1

ஒரு கருவியைக் கையில் எடுத்துப் பார்க்கிறவரிடம் ‘கைக்கு வாகா இருக்குதா?’ என்றுதான் கேட்கிறோம். ‘சௌகரியமா இருக்குதா?’ என்பது நாற்காலிக்கும் லாட்ஜ் அறைக்குமான கேள்வி. சௌகரியம் பொருளோடு சேர்ந்தே விற்கப்படுவது. காசு கொடுத்தால் கூடவே வந்துவிடும். வாகு அப்படி வராது. இந்தச் சொல்லுக்குத் தோள், புயம் என்றும் பொருள் உண்டு (புயத்தில் அணிவது வாகுவலயம்). பேச்சு வழக்கிலோ அது கருவியும் கையும் பழகிப் பழகி இரண்டுக்கும் நடுவே உண்டாகிற ஓர் உறவு. அந்த உறவைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடமிருந்து யாரிடம் போனது என்பதைப் பற்றியது இக்கட்டுரை. யோசிக்க வைத்தது ஒரு மவுஸ்.

எம்.எம்.டி.ஏ. மாத்தூரில் எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு பையன் இருக்கிறான். வயது 23. கம்ப்யூட்டரில் சுடுகிற விளையாட்டுகள் ஆடுபவன். மூன்று மாதம் காசு சேர்த்து, நாலாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு கேமிங் மவுஸ் வாங்கினான். அறுபத்துச் சொச்சம் கிராம் எடை. அதன் முதுகு எந்த இடத்தில் மேடேறுகிறது, கட்டை விரல் ஒதுங்க எவ்வளவு இடம், பொத்தான் எவ்வளவு அழுத்தத்தில் சொடுக்குகிறது என்று அவன் பேசுவதைக் கேட்டால் மாடு பிடிக்கப் போகிறவன் சுழி பார்ப்பது போலிருக்கும். பிடி வழுக்காமலிருக்க, சொரசொரப்பான டேப் ஒன்றைத் தனியாக வாங்கிப் பக்கங்களில் ஒட்டியிருந்தான்.

அவனுடைய தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கன்டெய்னருக்கு முந்திய தலைமுறை. வலது கை விரல்கள் முழுசாக நீளாது. கொக்கி பிடித்த அளவிலேயே மடங்கி நின்றுவிட்டன. நான் போயிருந்த ஒருநாள் பேரன் மவுஸை அவர் கையில் கொடுத்தான்.

“இன்னாடா இது, சோப்பு டப்பா கணக்கா கீது. புடிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லியே.”

“புடிக்கக் கூடாது தாத்தா. மேல கையை வெக்கணும், அவ்ளோதான்.”

“வெச்சா நிக்கலியேடா.”

நிற்காதுதான். விரித்த உள்ளங்கையை எதிர்பார்த்துச் செய்த ஓடு அது. அவர் டேப்பைத் தடவிப் பார்த்தார். விலை கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: “நானும்தான் சார், கொக்கிப் புடில சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுத்திக்குவேன். பஞ்சர் கடையில சும்மாவே குடுப்பான். மழையிலகூட வழுக்காது.”

தாத்தாவின் ட்யூபும் பேரனின் டேப்பும் செய்வது ஒரே வேலையைத்தான். ஒன்று கழிவிலிருந்து வந்தது, மற்றது கடையிலிருந்து. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நூற்றாண்டு வரலாறு கிடக்கிறது.

2

ஊர்ப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு மண்வெட்டி வாங்கும் முறை தெரியும். கடையில் இரும்பைத்தான் வாங்குவார்கள். காம்பு தனி. மரம் பார்த்து, வெட்டி, சீவி, தன் உயரத்துக்கும் குனிகிற அளவுக்கும் ஏற்ப மாட்டிக்கொள்வார்கள். உளியும் அரிவாளும்கூட இப்படித்தான். இரும்பு கொல்லருடையது, பிடி வேலை செய்கிறவருடையது. அளவுகளே உடம்பிலிருந்துதான் வந்தன: சாண், முழம். பூக்காரம்மாவின் முழம் அவர் கையின் முழம். பேரம் பேசுகிறவர்கள் கை குட்டையான பூக்காரம்மாவிடம் வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

இதை ஒரு பொற்காலமாக்கிவிட வேண்டாம். காம்பைச் சீவிக்கொள்ளும் உரிமை இருந்ததே தவிர, எந்தக் கருவி எவர் கைக்கு என்பதைச் சாதி முன்கூட்டியே தீர்மானித்திருந்தது. மண்வெட்டி ஒரு சாதியின் கையிலும் எழுத்தாணி இன்னொரு சாதியின் கையிலும் இருந்தன. ‘எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்’ என்ற பழமொழி உடம்பை மட்டும் சொல்வதாக நம்புகிறவர்கள் நம்பலாம். ஆக, வாகு என்பது அடிமைத்தனத்துக்குள்ளே கிடைத்த ஒரு சின்ன இடம். சின்னதுதான், ஆனால் அது வேலை செய்கிறவர் கையில் இருந்தது.

அந்தச் சின்ன இடத்தையும் அளந்து எடுத்துக்கொண்ட கதையை ஃபிரடெரிக் டெய்லரிடமிருந்து தொடங்கலாம். 1898இல் அமெரிக்காவின் பெத்லஹெம் எஃகு ஆலைக்கு அவர் வந்தபோது, முற்றத்தில் நிலக்கரியும் தாதும் அள்ளுகிறவர்கள் அவரவர் மண்வாரியைக் கொண்டுவந்துதான் வேலை செய்தார்கள். ஒரே மண்வாரியில் லேசான கரியை அள்ளினால் மூன்றரை பவுண்டு வரும், கனத்த தாதை அள்ளினால் 38 பவுண்டு வரும். டெய்லர் கடிகாரத்தோடு நின்று சோதித்தார். ஒரு வீச்சுக்கு 21 பவுண்டு (சுமார் ஒன்பதரைக் கிலோ) என்று வைத்தால் ஒருநாள் முடிவில் அதிகபட்ச வேலை நடக்கிறது என்று கண்டார். சொந்த மண்வாரிகள் போயின. ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு அளவில் மண்வாரி செய்து கம்பெனியே தன் கருவி அறையிலிருந்து கொடுத்தது. மூன்றாம் ஆண்டு முடிவில் 400 முதல் 600 பேர் வரை செய்த வேலையை 140 பேர் செய்தார்கள். நாள்கூலி 1.15 டாலரிலிருந்து 1.88 டாலராக உயர்ந்தது. 1911இல் வந்த தன் நூலில் இதைப் பெருமையோடு எழுதுகிறார்.

அந்த மண்வாரி மோசமான கருவி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாதை அள்ளியவருக்கு அது முன்பிருந்ததைவிட இலகுவானதே. ஆனால் ‘இது நன்றாயிருக்கிறதா?’ என்று கேட்கும் இடம் மாறிவிட்டது. இனி பதில் சொல்வது கை இல்லை, கடிகாரம். பட்டறையில் தொழிலாளி கருவியைப் பயன்படுத்துகிறார், ஆலையில் இயந்திரம் அவரைப் பயன்படுத்துகிறது என்று 1867லேயே மார்க்ஸ் சொன்னதற்கு டெய்லர் அளவுகோல் பிடித்தார். ஃபூக்கோ 1975இல் பதினெட்டாம் நூற்றாண்டின் ராணுவப் பயிற்சி விதிகளை எடுத்துக்கொண்டு, துப்பாக்கியின் எந்தப் பாகத்தை உடம்பின் எந்தப் பாகம் எந்த வரிசையில் தொட வேண்டும் என்பது வரை அதிகாரம் எழுதிவைத்ததைக் காட்டினார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வடசென்னை இதற்கு வெளியே இல்லை. பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது மதிய இடைவேளை அரைமணி நேரம்தான். அதை நீட்டக் கேட்பதே பெரிய காரியமாயிருந்தது. 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். துறைமுகத்தில் 1953இல் கப்பல்கூடத் தொழிலாளர் வாரியம் வந்தது. கூலி, நேரம், அடி உதை, வேலை நிரந்தரம் பற்றியெல்லாம் நம் தொழிற்சங்க வரலாறு பேசியிருக்கிறது. கைப்பிடியைப் பற்றிப் பேசியது குறைவு. கொக்கிக்குச் சைக்கிள் ட்யூபைச் சுற்றிக்கொள்வது அவனவன் பாடாகவே இருந்தது.

3

மவுஸ் பிறந்தது இந்த மரபில்தான். 1964இல் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனையை பில் இங்கிலீஷ் கருவியாகச் செய்தார். ஒரு மரக்கட்டை, அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே பொத்தான். கம்பி முதலில் மணிக்கட்டுப் பக்கமிருந்து வந்தது. கையில் இடிக்கிறது என்று பிறகு முன்பக்கம் மாற்றினார்கள். மவுஸின் வரலாற்றில் கை சொன்னதைக் கேட்டு நடந்த முதல் திருத்தம் இதுவாக இருக்கலாம். 1968 டிசம்பர் 9 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதை ஊரறியக் காட்டினார். 1970இல் காப்புரிமை கிடைத்தது, நிலையத்தின் பேரில். எங்கல்பார்ட்டுக்கு அதிலிருந்து உரிமைத்தொகை வரவில்லை.

அதற்கு முன்பே ஒரு சோதனை நடந்திருந்தது. திரையில் ஓர் எழுத்தைச் சுட்டிக்காட்ட எந்தக் கருவி நல்லது? ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், மவுஸ் ஆகியவற்றோடு முழங்காலால் இயக்கும் ஒரு கருவியையும் வைத்துப் பார்த்தார்கள். 1967இல் வெளியான முடிவுகளில், பழகியவர்கள் கையில் மவுஸ் வேகத்திலும் பிழையின்மையிலும் முன்னே நின்றது. ஆனால் புதியவர்களுக்கு ஒளிப்பேனாவும் முழங்கால் கருவியும் மவுஸைவிட வேகமாயிருந்தன! முழங்கால் வென்றிருந்தால் இரண்டு கையும் விசைப்பலகையிலேயே இருந்திருக்கும்; தையல் மிஷின் மிதிக்கிறவர்களுக்கு அது விசித்திரமாகவும் தோன்றியிருக்காது. வென்றது பழகிய கை. அளவுகோல்கள் இரண்டே: எத்தனை நொடி, எத்தனை பிழை. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு கை எப்படி இருக்கிறது என்ற கேள்வி அளவுகோலாகவில்லை.

இந்த அளவுகோல்களுக்குப் பின்னால் இரண்டாம் உலகப் போர் இருக்கிறது. அமெரிக்க விமானிகள் தரையிறங்கியதும் இறக்கைமடலை மடக்குவதற்குப் பதில் சக்கரத்தையே மடக்கிவிடும் விபத்துகள் திரும்பத் திரும்ப நடந்தன. பிழை விமானியுடையது என்றார்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்து, இரண்டு விசைகளும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கின்றன, கை என்ன செய்யும் என்றார். ஒன்றின் நுனியில் சக்கர வடிவமும் மற்றதில் ஆப்பு வடிவமும் பொருத்தியதும் பிரச்சினை தீர்ந்தது. குற்றத்தைக் கையிலிருந்து கருவிக்கு மாற்றிய நல்ல காரியம் இது. அதே விமானப் படையின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவர் பால் ஃபிட்ஸ். இலக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு சிறியது என்பதைக் கொண்டு, கை அதைச் சென்றடைய ஆகும் நேரத்தைக் கணக்கிட 1954இல் ஒரு சூத்திரம் கொடுத்தார்.

1978இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் கார்டும் அவருடைய சகாக்களும் மவுஸை ஃபிட்ஸின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தார்கள். வெறுங்கையால் சுட்டிக்காட்டும் வேகத்துக்கு ஏறக்குறைய அருகில் மவுஸ் வந்துவிட்டது. தாமதம் இனிக் கருவியில் இல்லை, மனிதனின் கண்ணிலும் கையிலும்தான் என்பது இதன் பொருள். 1981இல் ஜெராக்ஸ் மவுஸோடு கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவர இந்த முடிவு துணை நின்றது. பொறியியலின் பக்கமிருந்து பார்த்தால் மகத்தான வெற்றி. கையின் பக்கமிருந்து பார்த்தால் சபானிஸ் கருவிக்கு மாற்றிய குற்றம் மெல்லக் கைக்கே திரும்பியிருக்கிறது.

4

அப்படியானால் எந்தக் கை? அமெரிக்க வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸ் 1955இல் ‘ஜோ’ என்ற ஆணையும் ‘ஜோசஃபின்’ என்ற பெண்ணையும் வரைந்தார். சராசரி அமெரிக்க உடம்புகள். பெருமளவு ராணுவத்தில் எடுத்த அளவுகள். 1960இல் அது தனி அளவு நூலாகவே வந்தது. உலகத்துத் தொலைபேசியும் டிராக்டர் இருக்கையும் ஜோவின் உடம்பைப் பின்பற்றின. இந்திய உடம்புகளைப் பல மாநிலங்களிலும் அளந்து, வடிவமைப்புக்கென்று ஒரு நூலை தேபகுமார் சக்ரவர்த்தி அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலிருந்து கொண்டுவந்தது 1997இல். அதற்குள் மவுஸ் நம் அலுவலகங்களுக்கு வந்துவிட்டது.

சராசரி என்பது ஓர் அதிகாரச் சொல். அதற்குள் அடங்காதவர்களிடம் ‘உன் கைதான் சின்னது’ என்று சொல்லிவிடுகிறது. மாத்தூர்ப் பையனின் தங்கை இடது கைப் பழக்கம் உள்ளவள். கட்டை விரல் ஒதுங்குவதற்கென்று இடப்பக்கம் குழித்த அந்த மவுஸை இடது கையில் வைத்தால் குழியில் சுண்டு விரல்தான் போய் விழும். அதனால் அவள் வலது கையால் பழகிக்கொண்டாள். சோத்துக்கை, பீச்சாங்கை என்று கைகளையே மேல் கீழாக அடுக்கிய சமூகம் நம்முடையது. இந்தப் பட்டணத்தில் 1652லும் பிறகு 1707-08லும் வலங்கை, இடங்கைச் சாதிகள் தெருவுரிமைக்காக மோதிக்கொண்டு, கவர்னர் தாமஸ் பிட் தெருக்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டிவந்தது. அது சாதித் தொகுதிகளின் பெயர், மவுஸுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை என்பது தெரியும். ஆனால் வலது என்பதை இயல்பாகவும் இடது என்பதை விலக்காகவும் வைக்கிற மனம் பிளாஸ்டிக் அச்சிலும் குடியேறுகிறது என்பதை மறுக்க முடியுமா?

கையை அடியோடு மறந்த உதாரணமும் உண்டு. 1998இல் ஆப்பிள் நிறுவனம் ஐமேக் கம்ப்யூட்டரோடு முழு வட்டமான மவுஸைக் கொடுத்தது. கண்ணுக்கு அழகு. ஆனால் கையில் எடுத்தால் எது முன், எது பின் என்று தெரியாது. இடப்பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தால் அம்பு கோணலாக ஓடும். திட்டு தாங்காமல் 2000இல் மாற்றினார்கள்.

வட்டமாயிருப்பது தன்னளவில் குற்றமில்லை. எங்கள் பக்கத்துக் கேரம் ஸ்ட்ரைக்கரும் வட்டம்தான். ஆட்ட விதிப்படி அதன் எடை 15 கிராமுக்கு மேலும் குறுக்களவு 4.13 சென்டிமீட்டருக்கு மேலும் போகக்கூடாது. விதி அதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆள்காட்டி விரலால் சுண்டுவதா, நடுவிரலா, கட்டை விரலா, வலதா இடதா என்பது ஆடுகிறவர் பாடு. திசை கருவியில் இல்லை, விரலில் இருக்கிறது. அதனால் வட்டம் அங்கே பொருந்துகிறது. தெருமுனை மன்றங்களில் போரிக் பவுடர் தூவிய பலகையைச் சுற்றி ஒவ்வொருவரும் தன் ஸ்ட்ரைக்கரைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதைப் பார்த்திருக்கலாம். 1991லும் 1995லும் உலகச் சாம்பியனாகி 1996இல் அர்ஜுனா விருது பெற்ற சென்னையின் மரிய இருதயம், 2008இல் உலகப் பட்டம் வென்ற வியாசர்பாடி இளவழகி, 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற வடசென்னைப் பெண் காசிமா என்று இந்தப் பலகையிலிருந்து உலகத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். வாகு ஆடுகிறவரிடமே விடப்பட்ட ஒரு விளையாட்டுக் கருவி, நம் கண்முன்னே.

5

விளையாட்டு மவுஸ் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. 1999இல் ரேசர் நிறுவனத்தின் பூம்ஸ்லாங் விளையாட்டுக்கென்றே விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் உருண்டையை எடுத்துவிட்டு ஒளியால் நகர்வை உணரும் மவுஸைக் கொண்டுவந்தது. (உருண்டை மவுஸின் உள்உருளைகளில் திரண்ட அழுக்கை நகத்தால் சுரண்டிய தலைமுறை இதன் அருமையை அறியும். மணலிப் பக்கத்துத் தூசிக்கு மாதம் ஒருமுறை சுரண்ட வேண்டும்.) 2005இல் லாஜிடெக் ஒரு மவுஸின் வயிற்றில் எடைக்கட்டிகளைப் போட்டு எடுக்க இடம் வைத்தது: 36 கிராம் வரை கூட்டலாம், குறைக்கலாம். பிறகு காற்று மாறியது. கனம் கூடாது என்றானது. ஓட்டில் தேன்கூடு மாதிரி ஓட்டை போட்டார்கள். 2020இல் கம்பியில்லாத மவுஸே 63 கிராமுக்குள் வந்துவிட்டது.

இதற்கு முன் எந்தக் கருவியை விற்கிறவரும் வாங்குகிறவரிடம் ‘உன் கை என்ன நீளம், எப்படிப் பிடிப்பாய்?’ என்று இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டதில்லை. பிடியை மூன்றாக வகுத்திருக்கிறார்கள். முழு உள்ளங்கையும் ஓட்டில் படிந்தால் உள்ளங்கைப் பிடி. விரல்களைக் குத்திட்டு, உள்ளங்கையின் பின்பாகம் மட்டும் பட்டால் நகப் பிடி. விரல்நுனிகள் மட்டுமே தொட்டால் நுனிப் பிடி. மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து, அதில் பத்துக்கு ஆறு பங்கு மவுஸின் நீளம் இருக்கலாம் என்று ஆடுகிறவர்களிடையே ஒரு வாய்ப்பாடு உண்டு. உள்ளங்கைப் பிடிக்கு மேடு உயரமாக, பின்தள்ளி இருக்க வேண்டும். நுனிப் பிடிக்குத் தட்டையாக, சிறியதாக. இது வெறும் விளம்பரம் இல்லை. கை அளக்கப்படுவது இங்கே கையின் பொருட்டே.

ஆனாலும் மதிப்பிடும் முறையில் சில ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, காலம். கடையில் ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்தால் பெரிய மேடுள்ள மவுஸ் சுகமாகத்தான் இருக்கும். மூன்றாம் மணியில்தான் சுண்டு விரல் மேஜையில் உரசுவதும், மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தே கிடப்பதும் தெரியவரும். மணிக்கட்டு மடியும்போது, அதன் குறுகலான எலும்புச் சந்து வழியே போகும் நரம்பின் மீது அழுத்தம் கூடுகிறது. விரல் மரமரப்பது அங்கிருந்துதான். இரண்டாவது, அம்பின் வேகம். சின்ன அசைவுக்கு அம்பு நெடுந்தூரம் ஓடும்படி வைத்தால் வேலை முழுதும் மணிக்கட்டில் விழும். வேகத்தைக் குறைத்தால் முழங்கையும் தோளும் பகிர்ந்துகொள்ளும். ஆனால் அதற்கு அகலமான மேஜை வேண்டும். ஒற்றை அறை வீட்டில் தையல் மிஷின் பலகைமேல் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவனுக்குத் தோளை வீச ஏது இடம்? மூன்றாவது, வியர்வை. மே மாதத்து மாத்தூரில் மெத்தென்ற ரப்பர்ப் பூச்சு நாளடைவில் பிசுபிசுத்துவிடும். ஏ.சி. அறைக்காரரின் மதிப்புரையில் இது வராது. ஓட்டையுள்ள ஓடு காற்றோட்டத்துக்கு நல்லது, தூசிக்குக் கெடுதி. ஆக, மவுஸை மட்டும் தனியாக எடுத்து மதிப்பிட முடியாது. மேஜை, அறை, நேரம், சம்பாத்தியம் எல்லாம் சேர்ந்ததுதான் வாகு.

6

பையன் மவுஸ் வாங்கியது விளையாட மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பகலில் அதை வைத்து வேலையும் செய்கிறான். ஒரு நிறுவனத்துக்காக (பெயர் வேண்டாம்) வீட்டிலிருந்தபடியே படங்களில் கட்டம் போடுகிறான். தெருப் படம் வரும். அதிலுள்ள ஆட்டோ, சைக்கிள், ஆள், மாடு ஒவ்வொன்றையும் சுற்றி மவுஸால் ஒரு பெட்டி இழுக்க வேண்டும். தானே ஓடும் காருக்கு உலகத்தை அடையாளம் காட்டுவதற்காம். படத்துக்கு இவ்வளவு என்று கூலி. பெட்டி கோணலானால் படம் திரும்பி வரும், காசு கிடையாது. தூரத்து இலக்கைச் சீக்கிரம், பிழையில்லாமல் தொட வேண்டும்: ஃபிட்ஸின் 1954ஆம் ஆண்டுச் சோதனையேதான், எட்டு மணி நேரமாக. இரவில் விளையாட்டிலும் அதே கை, அதே அசைவு.

“கம்பெனி மவுஸ் குடுக்கலியா?” என்று கேட்டேன்.

“நம்மளதுதான் சார். சிஸ்டம், நெட், கரண்ட் எல்லாமே நம்மளது. பழைய மவுஸுல நாளைக்கு நானூறு படம்தான் வரும். இதுல அறுநூறு வருது.”

டெய்லரின் மண்வாரி தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. அன்று தொழிலாளியின் சொந்த மண்வாரியைப் போடச் சொல்லி, கம்பெனி தன்னுடையதைக் கொடுத்தது. அளவும் லாபமும் கம்பெனியுடையவை என்றாலும் செலவும் அதனுடையதுதான். இன்று கருவியை மறுபடி தொழிலாளியே கொண்டுவருகிறார். சௌகரியத்தையும் அவரே காசு கொடுத்து வாங்குகிறார். கடிகாரம் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. வாகு தொழிலாளியிடம் திரும்பிவிட்டதாகத் தோன்றும். விலைக்கு வாங்கிய அந்த வாகு உபரியாக விளைவிக்கிற இருநூறு படங்களுக்கு அவன் கூலி வாங்குகிறான்தான். ஆனால் வலி வந்தால் அது யார் கணக்கு?

வலி வந்திருக்கிறது. காலையில் எழுந்தால் நடுவிரல்வரை மரத்துக் கிடக்கிறதாம். டாக்டர் கையைக் கொஞ்ச நாள் சும்மா வைக்கச் சொல்லியிருக்கிறார். அவன் புது மவுஸ் பார்த்துக்கொண்டிருக்கிறான், செங்குத்தாகப் பிடிக்கிற மாதிரி.

இது புது நோயில்லை. இத்தாலிய மருத்துவர் ரமாஸினி தொழில்நோய்கள் பற்றி 1700இல் எழுதிய நூலை 1713இல் விரித்தபோது எழுத்தர்களைச் சேர்த்தார். ஓயாமல் உட்கார்வது, கையை ஒரே திசையில் ஓயாமல் அசைப்பது, பிழை வரக்கூடாதென்ற மன அழுத்தம் என்று மூன்று காரணம் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தர் வலது கை விழுந்ததும் இடது கையால் எழுதப் பழகினாராம். கொஞ்ச நாளில் அதுவும் விழுந்தது. கருவியை மாற்றி, கையை மாற்றித் தப்பிக்கப் பார்க்கும் வழி அன்றே தோற்றுவிட்டது. 1908இல் பிரிட்டனில் தந்தி அடிப்பவர்களின் கைப்பிடிப்பு இழப்பீடு தரவேண்டிய தொழில்நோயாக ஏற்கப்பட்டது. தந்தி விசையின் வடிவத்தைத் திருத்தினால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு முதலாளி பொறுப்பு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள் என்பதே அதில் முக்கியம்.

தாத்தாவுக்கு அது கிடைக்கவில்லை. ஒரு ஆள் எவ்வளவு எடை தூக்கலாம் என்பதற்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் உடன்படிக்கை செய்தது; கூடவே வந்த பரிந்துரை ஆணுக்கு 55 கிலோ என்றது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்றது 2010இல். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983லேயே வந்துவிட்டது. மூட்டை போன பிறகு மூட்டைக்கு விதி வந்தது. பேரன் விஷயத்திலும் அப்படித்தான் ஆகப்போகிறதா? படத்தில் பெட்டி போடுவதையும் இயந்திரமே கற்றுக்கொண்டுவிட்ட பிறகு, பெட்டி போட்ட விரல்களுக்கு யாராவது விதி எழுதுவார்களா?

ஒரு மவுஸ் நல்லதா என்று இனி யாராவது கேட்டால் என் பதில் இதுதான். கையளவு, பிடி, எடை, மேடு எல்லாம் பாருங்கள், அவை பொய்யில்லை. கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: வலித்தால் இதைக் கீழே வைக்க முடியுமா? வைத்தால் சோறு உண்டா? இந்தக் கேள்வியைக் கடையில் கேட்க முடியாது. சங்கமாகச் சேர்ந்துதான் கேட்க முடியும். நாலாயிரம் ரூபாய்க்கு மவுஸ் வாங்கித் தனித்தனி அறைகளில் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பது விளையாட்டில்தான். எதிரெதிராக.

போன ஆயுத பூஜைக்கு அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். துருப்பிடித்த கொக்கியைத் தாத்தா இன்னும் வைத்திருக்கிறார். அதற்கும், பக்கத்தில் மவுஸுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். “இன்னிக்கு ஆயுதத்த எடுக்கக் கூடாது சார், அதுக்கு லீவு” என்றார் தாத்தா. பேரன் சிரித்தான். அன்றைக்குப் படம் போடாவிட்டால் அன்றைக்குக் காசில்லை. குங்குமத்தை ஓரமாகத் துடைத்துவிட்டு, மதியத்துக்குமேல் உட்கார்ந்துவிட்டான்.